உடும்பு மார்க்

"இதுல அய்யாவு யாருங்க?" என்று நோட்டரி ஜெக்கரியா கேட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பஞ்சநதம், பின்னால் நின்றவரைக் கட்டைவிரலால் காட்டினார்.

தஞ்சாவூர் கோர்ட்டு வாசலில் நோட்டரிக்கு ஒரு மேஜை, வருகிறவருக்கு ஒரு நாற்காலி. காகிதப்படி பார்த்தால் நின்றுகொண்டிருந்தவர்தான் மிராசுதார்.

நில உச்சவரம்புச் சட்டம் வரப்போகிறது என்று காற்றுவாக்கில் கேட்டதுமே, பஞ்சநதம் கிழக்கு வயல் முழுவதையும் தன் பண்ணையாள் அய்யாவு பேரில் எழுதி வைத்துவிட்டார். எழுதியது பேருக்குத்தான். உழுவதும் அறுப்பதும் பழையபடி அய்யாவு. நெல் பழையபடி பஞ்சநதம் வீட்டுக்குப் போனது.

விசாரிக்க வந்த தாசில்தார், "வயல் உன்னுதா?" என்று கேட்டபோது அய்யாவு "ஆமாங்க" என்றார். சொல்லிக் கொடுத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

இப்போது வந்திருப்பது வேறு தொல்லை.

அந்த நெல்லை அரைத்து, மூட்டையில் 'உடும்பு மார்க்' என்று அச்சடித்துப் பஞ்சநதம் விற்று வந்தார். அரிசி நல்ல அரிசி, அதைக் குறை சொல்லக் கூடாது. நீடாமங்கலத்து மில்காரர் ஒருவர் அதே உடும்பை, வாலை மட்டும் கொஞ்சம் நீட்டி, தன் மூட்டையில் போட்டுவிட்டார். டிரேட் மார்க் ஆபீஸில் இரண்டு பேரும் மனுப் போட்டார்கள். யார் முதலில் இந்தக் குறியைப் பயன்படுத்தியது என்று சத்தியம் செய்து எழுதி அனுப்பச் சொல்லி பதில் வந்தது.

ஒரு வக்கீலைப் பாருங்கள் என்றார் மனைவி நீலாயதாட்சி.

"நெலத்து கேஸுல நம்ம காசுல வக்கீலு மாடி கட்டுனது போதும்" என்று சொல்லிவிட்டு, பஞ்சநதம் தானே எழுத உட்கார்ந்தார்.

இரண்டாவது வரியிலேயே மாட்டிக்கொண்டார். நெல் என்னுடையது என்று எழுதினால் வயலும் என்னுடையது என்று ஆகிவிடும். வயல் உபரி என்று சர்க்கார் எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் நெல்லும் அய்யாவுடையது, குறியும் அய்யாவுடையது என்று, அய்யாவு சொல்வதாகவே எழுதி முடித்தார். வக்கீலாக இருந்தால், அய்யாவுவிடம் நெல் வாங்கி என் குறி போட்டு விற்கிறேன் என்று ஒரே வரியில் காரியத்தை முடித்திருப்பார்.

ஜெக்கரியா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "என் களத்தில் இந்தக் குறியை என் தகப்பனார் காலம் தொட்டுப் பயன்படுத்தி வருகிறோம்."

தகப்பனார் காலம் என்பது உண்மைதான். தகப்பனார்தான் வேறு.

அந்த உடும்பு முதலில் இருந்தது மூட்டையில் இல்லை, ஒரு மரக்கட்டையில். களத்தில் நெல்லைத் தூற்றி அம்பாரமாகக் குவித்ததும், அதன் மேல் அங்கங்கே ஈரச்சாணியை அப்பிக் கட்டையை அழுத்துவார்கள். நெல்லை அளக்கும் வரை அந்த முத்திரை கலையக் கூடாது. கலைந்திருந்தால் ஆட்கள் திருடிவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஒரு வருஷம் கோழி கிளறிவிட்டது. அதற்கு அய்யாவுவைத் தென்னை மரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். அடி ஆறிவிட்டது. மகள் ராஜாத்தி அதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் அவருக்கு ஆறவே இல்லை. பஞ்சநதத்துக்கு இதெல்லாம் ஞாபகம் கிடையாது.

"குறி போடும் கட்டை என் வசமே இருக்கிறதுன்னு எழுதியிருக்கு. கட்டை உங்க மடியில இல்ல இருக்கு?" என்றார் ஜெக்கரியா.

அதை எழுதியது பஞ்சநதம்தான். சாட்சிக்குக் காட்டக் கொண்டுவந்திருந்த கட்டையை எடுத்துப் பின்பக்கம் நீட்டினார். அய்யாவு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆட்கள் அந்தக் கட்டையைத் தொடக் கூடாது என்பது களத்துக் கட்டுப்பாடு. இத்தனை வருஷத்தில் அவர் அதைத் தொட்டது அன்றுதான். பார்ப்பதற்குப் பெரிதாக இருந்ததே தவிர, கனமே இல்லை.

ஜெக்கரியா இப்போது அவரைப் பார்த்துக் கேட்டார்.

"யாராச்சும் மிரட்டியோ சொல்லிக் குடுத்தோ இதைச் சொல்றீங்களா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று பஞ்சநதம் நினைக்கவே இல்லை. இதற்கும் 'ஆமாங்க' என்று சொல்லிவிட்டால் உடும்பும் போச்சு, வயலும் போச்சு. பொய்ச் சத்தியம் என்று ஜெயிலே வந்தாலும் வரும். திரும்பிப் பார்த்துக் கண்ணைக் காட்டலாம் என்றால் நோட்டரி எதிரேயே உட்கார்ந்திருக்கிறார். இப்போது வக்கீல் நினைப்பு வந்தது.

அய்யாவு கட்டையைத் திருப்பி உடும்பைப் பார்த்தார்.

"இல்லீங்க. நெலம் என்னுது, நெல்லும் என்னுது. இந்த உடும்பும் என்னுதுதாங்க."

பஞ்சநதத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பயல் சமயத்தில் கைகொடுத்துவிட்டானே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார். அய்யாவு விரல் ரேகை வைத்தார். ஜெக்கரியா தன் முத்திரையைக் குத்திக் காகிதத்தைக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் பஞ்சநதம் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அய்யாவு குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தக் கட்டையைக் குடுடா."

அய்யாவு அதைத் துண்டில் வைத்து முடிந்துகொண்டிருந்தார்.

"களத்துல அம்பாரம் கெடக்குங்களே, அய்யா. பொழுது சாயறதுக்குள்ள போயிக் குறி போட்டாவணும். உங்க ஆளுங்க வந்து அள்ளிட்டாங்கன்னா?"