நாற்பத்தாறு ஆம்பியர்

"ராத்திரி ஏழு மணிக்கு நாப்பத்தாறு ஆம்பியர் ஓடியிருக்கு. அப்படி என்னத்தைத்தான் போட்டீங்க?"

கருகிய ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டு மின்வாரியப் பொறியாளர் பெனியேலி கேட்டார். தீவின் சூரியப் பலகைகளையும் மின்கொட்டகைச் சாவியையும் பார்த்துக்கொள்ளும் தெய்மானா உதட்டைப் பிதுக்கினாள்.

"யாருக்குத் தெரியும்ணே? விளக்கு எரிஞ்சுச்சு. அப்புறம் எரியல."

மூன்று மாதமாக இதே பதில்தான். மாதம் ஒருமுறை ஃபியூஸ் போகும். தலைநகர் ஃபுனாஃபுட்டியிலிருந்து பதினாறு மணி நேரம் படகில் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தியெடுத்தபடி பெனியேலி வந்து சேருவார். ஐம்பத்தெட்டு வயதில் இது என்ன பிழைப்பு என்று வெறுத்தே போயிருந்தார். காரணத்தை மட்டும் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்துவிட்டால், இந்தத் தீவுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம்.

மீட்டர் பதிவை வைத்துக் கணக்குப் போட்டார். இருநூற்று முப்பது வோல்ட்டை நாற்பத்தாறால் பெருக்கினால் பத்தாயிரத்து ஐந்நூற்று எண்பது வாட். வகுத்தால் மின்தடை வெறும் ஐந்து ஓம். ஊரின் விளக்குகளும் ஐஸ்பெட்டிகளும் சேர்ந்தாலே இரண்டாயிரத்து ஐந்நூறு வாட்டைத் தாண்டாது. மீதி எட்டாயிரம் எங்கே போயிற்று?

"ஊர்ல கெட்டில் எத்தனை இருக்கு?"

"நாலு. ஏன், டீ வேணுமா?"

நாலையும் வரவழைத்து மின்தடையைப் பார்த்தார். ஒவ்வொன்றும் இருபத்தாறு ஓம், அதாவது ஏறக்குறைய இரண்டாயிரம் வாட். கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது.

"நாலையும் ஒரே நேரத்துல போட்டிருக்கீங்க. அதுவும் மணியடிச்சு ஊரே ஜெபத்துல உக்காந்திருக்கிறப்போ. அப்ப எவன் டீ குடிக்கிறான்?"

"கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

"அவருக்கு மட்டும்தான் வெளிச்சம். ஊருக்கு இல்லையே." பெனியேலி அலுப்போடு பையை மூடினார். "கெட்டிலைப் பிடுங்கச் சொல்லி எழுதிடறேன். இனிமே ஃபியூஸ் போகாது, நானும் வர வேண்டாம்."

தெய்மானாவின் முகம் செத்துவிட்டது. "அப்போ படகும் வராதா?"

"நான் வரலேன்னா அது எதுக்கு வரும்?"

அவள் பதநீரைச் சுடவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் காலை படகில் அறிக்கையை முழங்காலில் விரித்துக்கொண்டார். திரும்பும் படகில் ஊர்க்காரர் யாராவது தொற்றிக்கொள்வது வழக்கம். இன்று தெய்மானாவின் மகள் லித்தியா பாயில் சுருண்டு படுத்திருந்தாள். எதற்காகப் பயணம் என்று படகோட்டி கேட்டான். அவள் ஓர் அட்டையை நீட்ட, பக்கத்திலிருந்த பெனியேலி வாங்கிப் பார்த்தார்.

ஃபுனாஃபுட்டி ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு அட்டை. 'முந்தைய இரண்டும் வயிற்றிலேயே இறந்தவை. மாதந்தோறும் பரிசோதனை கட்டாயம்' என்று எழுதி, கீழே நான்கு தேதிகள் குறித்திருந்தார்கள். முதல் மூன்றும் இந்தப் படகு ஃபுனாஃபுட்டி திரும்பும் நாளுக்கு மறுநாள். நான்காவது, அடுத்த மாதம் பதினைந்து.

"கப்பல் ரெண்டு மாசத்துக்கு ஒருக்காதான் மாமா," என்றாள் லித்தியா, அவர் முகத்தைப் பார்க்காமல். "ஐஸ்பெட்டியில மீன் கெட்டுப்போகும்னாதான் இடையில படகு வருது."

பெனியேலி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பேனாவை எடுத்து எழுதினார்: 'காரணம் பிடிபடவில்லை. இனி ஃபியூஸ் போகும்வரை காத்திராமல், அடுத்த மாதம் பதின்மூன்றாம் தேதியே படகோடு நேரில் வந்து பார்ப்பது அவசியம்.'