மெயில் போகலை

"இன்னாம்மா இது? திரும்பவும் மெயில் போகலை! சர்வரோட இணைக்க முடியலைன்னு வருது. நீ அங்க இன்னாதான் பண்ணிக்கினு இருக்கே?"

கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி தனசேகரன் போட்ட சத்தம் காந்தி ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். செய்வது பட்டுப் புடவை மொத்த வியாபாரம். குரல் மட்டும் மீன் மார்க்கெட்.

"இதோ வந்துட்டேன் சார்" என்று ஜெயப்ரியா ஓடினாள். ஆபீசின் கம்ப்யூட்டர், நெட் எல்லாம் அவள் பொறுப்பு.

மேனேஜர் கலியாணசுந்தரம் தலையில் அடித்துக்கொண்டார். பேங்கில் ரிடையராகி இங்கே புதிதாகச் சேர்ந்தவர். அதற்குள் இந்தக் கூத்தைப் பல தடவை பார்த்துவிட்டார். மற்ற எல்லாருக்கும் மெயில் போகும், முதலாளிக்கு மட்டும் திடீர் திடீரென்று போகாது. இந்தப் பெண்ணும் கேபிளைப் பிடுங்குவாள், சொருகுவாள், மேஜைக்கு அடியில் புகுந்து வெளியே வருவாள். ஒன்றும் நடக்காது. இதற்கு ஒரு சம்பளம்!

இன்று விஷயம் பெரிது. திருப்பதியில் நாளைக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை வந்து சேரவில்லை என்று பெண் வீட்டார் காலையிலேயே போன் செய்துவிட்டார்கள். பார்சல் அனுப்புகிற அந்தோணியைக் காணோம். அவன் செல்லும் அணைந்து கிடக்கிறது.

முதலாளிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. 'நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம்' என்று அந்தோணிக்கு மெயில் அடித்து, ஊரிலுள்ள பட்டுக் கடைக்காரர்களுக்கெல்லாம் நகல் போட்டிருந்தார். அது போய்விட்டால் அப்புறம் காஞ்சிபுரத்தில் எந்தக் கடையும் அந்தோணியைச் சேர்க்காது.

"பாஸ்வேர்டை மாத்திப் பாக்கலாமா சார்?"

"அதான் ரெண்டு தடவை மாத்திட்டியே!"

"அப்ப மோடத்தை அணைச்சு, கொஞ்சம் ஆறவிட்டுப் போடலாம் சார்."

"ஆறவிடறதா? அது இன்னா இட்லியா? உனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்தவனைச் சொல்லணும்!"

ஜெயப்ரியா குனிந்து கேபிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முதலாளியின் செல் அடித்தது. பெண்ணின் அப்பா.

"புடவை வந்துடுச்சுங்க! உங்க ஆளே நேர்ல எடுத்தாந்துட்டாரு. கூரியர் வண்டி வேலூர்லயே ரிப்பேராகி நின்னுடுச்சாமே. அங்க போயி கேட்டு வாங்கிக்கினு, பஸ்ஸுல நின்னுக்கினே வந்திருக்காருங்க, பாவம். செல்லுல சார்ஜ் கூட இல்லை. இப்பதான் உக்கார வெச்சு சோறு போட்டுக்கினு இருக்கோம்."

முதலாளி செல்லைக் கீழே வைத்துவிட்டு, போகாமல் நின்றிருந்த மெயிலை அழித்தார்.

"உடும்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

ஜெயப்ரியா தன் இடத்துக்கு வந்து மவுசை ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். திரையில் முதலாளியின் பெயருக்கு எதிரே சிவப்பாக இருந்தது பச்சையாக மாறியது. பின்னால் நின்ற கலியாணசுந்தரம் அதைப் பார்த்துவிட்டார்.

"அடிப்பாவி! மெயிலை நிறுத்தி வெச்சதே நீதானா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "சார், மெதுவா பேசுங்க. ப்ளீஸ்."

"என்ன மெதுவா? சம்பளம் குடுக்கறவர் மெயிலையே மறிக்கறியா? இது துரோகம்மா! இன்னிக்கே உனக்கு முடிவு கட்டறேன்."

ஆபீசே திரும்பிப் பார்த்தது.

பேங்க் பழக்கம், எதுவானாலும் அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். 'இந்தப் பெண்ணை உடனே வேலையை விட்டு நீக்க வேண்டும்' என்று முதலாளிக்கு மெயில் அடித்தார். ஆபீசில் அத்தனை பேருக்கும் நகல் போட்டு அனுப்பினார். அப்படியும் பொறுக்காமல் எழுந்து நேராக அறைக்குள் போனார்.

"சார், என் மெயில் பாத்தீங்களா?"

"ஒண்ணும் வரலியே. இன்னா விஷயம்?"

பார்த்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். முதலாளி கோபப்படவில்லை. கண்ணாடி வழியாக ஜெயப்ரியாவைப் பார்த்தார்.

"நிறுத்தச் சொன்னதே நான்தான் சார்."

"சார்?"

"ராமலிங்கம்னு ஒருத்தர் இங்க டிசைன் போட்டுக்கினு இருந்தாரு. தங்கமான மனுஷன். கோவத்துல இதே மாதிரி ஊருக்கே மெயில் போட்டு அனுப்பிட்டேன். மறுநாள் பாத்தா தப்பு என்னுது. பிள்ளையார்பாளையத்துல அவர் வீட்டுக்கே போயி மன்னிப்புக் கேட்டேன். 'ஊரே படிச்சிடுச்சே சார், இனிமே எந்த மூஞ்சியோட வர்றது'ன்னு அழுதுட்டாரு. அப்பதான் இந்தப் பொண்ணுகிட்ட சொல்லி வெச்சேன். என் குரல் ஏறுச்சுன்னா மெயிலை நிறுத்திடு, நான் இன்னா கத்தினாலும் தொறக்காதேன்னு."

"அப்புறம் ஏன் சார் அவளையே போட்டு அந்தத் திட்டு திட்டறீங்க?"

"கோவம் வந்தா, சொல்லி வெச்சதே மறந்துடுது சார்! தணிஞ்ச பிறகுதான் ஞாபகம் வருது. அத்தனை திட்டும் வாங்கிக்கினு, 'நீங்கதானே சொன்னீங்க'ன்னு ஒரு நாள் கூட அது திருப்பிச் சொன்னதில்லை. எனக்கு அந்தப் பொறுமை இந்த ஜென்மத்துல வராது."

கலியாணசுந்தரத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. ஐயோ, அந்த மெயில்! ஆபீஸ் முழுக்கப் படித்திருக்குமே!

ஓட்டமும் நடையுமாக வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

மெயில் அவுட்பாக்ஸிலேயே நின்றிருந்தது. 'சர்வருடன் இணைக்க முடியவில்லை.'

அதை அழித்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே ஜெயப்ரியா ஒன்றும் தெரியாதவள் மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கும் மெயில் போகலியே."

அவள் மவுசில் கையை வைத்துக்கொண்டு, அக்கறையாகக் கேட்டாள்:

"ஆறிடுச்சா சார்?"