நாவல் கன்று

காட்டைக் காக்கும் ஓர் அறக்கட்டளைக்காகப் பெரிய நன்கொடைகள் கேட்டுப் போவதுதான் எபநேசரின் வேலை. திங்கட்கிழமைதோறும் அறக்கட்டளையின் கணினி அவருக்கு ஒரு பெயரைத் தரும். காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களில், ஒரு வருடத்துக்குள் சாகப்போகிறவரின் பெயர். பதினோரு ஆண்டுகளில் அது ஒருமுறைகூடத் தவறியதில்லை.

சாகப்போகிறவருக்கு விஷயம் தெரியாது. எபநேசர் ஒரு நாவல் கன்றோடு போவார், யானைகளைப் பற்றிப் பேசுவார், நிலத்தைக் காட்டுக்கென்று உயில் எழுதிவைக்கச் சொல்வார். "இப்ப என்ன சார் அவசரம்?" என்று கேட்காதவர்கள் குறைவு. அதற்குப் பதில் சொல்லாமல் காபியைப் பாராட்டிவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்த வைதேகிக்கும் அவர் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

இந்தத் திங்கட்கிழமை அவருக்குப் பெயர் எதுவும் வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று குன்னூர்ச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தார். வாசற்படியில் ஒரு நாவல் கன்று இருந்தது.

"உங்க ஆபீஸ் பொண்ணு வைதேகி வந்துட்டுப் போச்சு," என்றாள் மனைவி ஜெயசீலி. "எங்கப்பா எனக்குக் காட்டோரமா கொடுத்த மூணு ஏக்கரைப் பத்தி ரொம்ப நேரம் பேசிட்டிருந்துச்சு. காட்டுக்கு எழுதி வைங்கக்கான்னுது."

எபநேசர் மீன் பையைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"நீ என்ன சொன்னே?"

"இப்ப என்னம்மா அவசரம்னு கேட்டேன்." ஜெயசீலி குனிந்து கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினாள். "காபி ரொம்ப நல்லாருக்குன்னு சொல்லுச்சு."