குகதாசனின் உத்தியோகம்

கண் தெரிந்த இருபது பேரை விட்டுவிட்டு, பார்வையில்லாத தனக்கு வேலை தந்த அதிகாரியைக் குகதாசன் தெய்வமாகவே நினைத்தான்.

வவுனியா அகதி முகாமில், காணாமற்போனவர்களைப் பதியும் வேலை. நோர்வேயிலிருந்து அக்கா அனுப்பிய பிரெயில் கருவி மடியில் இருக்கும். வருகிறவர்கள் சொல்வதைத் தட்டினால் அதற்குள்ளேயே கிடக்கும். வேண்டும்போது விரலுக்கடியில் புள்ளிகளாக எழும்பும்.

"ஆரையாவது கொண்டு தாளிலயும் எழுதி வைப்பமே, சேர்?"

"என்னத்துக்கு? உம்மட மெசினே போதும். உம்மை நான் நம்பிறன்."

இரண்டு வருடத்தில் நானூற்றுப் பதினாறு பெயர்கள். நெடுங்கேணி இராசேஸ்வரி கிழமைதோறும் வருவா.

"என்ர பிள்ளையின்ர பேர் கிடக்கோ தம்பி?"

"ஓம் அம்மா. அனோஜன், வயது பத்தொன்பது, நீலச் சேட்டு." அவன் தடவி வாசித்ததும் கும்பிட்டுவிட்டுப் போவா.

அன்று கொழும்பிலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்று குகதாசன் கருவியோடு அடுத்த அறையில் காத்திருந்தான். தட்டிக்கு அப்பால் அதிகாரியின் குரல் கேட்டது.

"இஞ்ச ஒருத்தரும் காணாமல் போகேல்லை, ஐயா. அலுமாரியைத் திறந்து பாருங்கோ, ஒரு துண்டுக் கடதாசி இருக்கோ எண்டு."

"பதியிறதுக்கு ஆளிருக்காமே?"

"அது கண் தெரியாத பெடியன், ஐயா. பாவம் பாத்து ஒரு கதிரை குடுத்திருக்கிறன்."

அந்த இருபது பேரும் பேனையால் எழுதக்கூடியவர்கள் என்பது குகதாசனுக்கு அப்போதுதான் உறைத்தது.