தெளிந்த கால்வாய்

"அக்கா, பன்னண்டு மணிக்கு முனிசிபாலிட்டி ஓவர்சியர் வராரு. கால்வாயில தண்ணி வெள்ளையா ஓடுச்சுன்னா பட்டறைக்கு சீலு."

திருமால் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னான். அகல் விளக்கு அச்சுகளைக் கழுவிக்கொண்டிருந்த நீலாவதியின் கை அப்படியே நின்றது. அச்சிலிருந்து வழிந்த களிமண் கரைசல் வாசலைத் தாண்டி, தெருவோர மழைநீர்க் கால்வாயில் பால் போல இறங்கிக்கொண்டிருந்தது.

விருத்தாசலம் மேலச் சூளைத் தெருவில் பதினோரு பீங்கான் பட்டறைகள். பதினொன்றின் கழிவும் அந்தக் கால்வாய்க்குத்தான். எண்பத்தி ரெண்டில் மழைத்தண்ணீர் ஓடுவதற்கென்று கட்டினார்கள். அதில் மழையைத் தவிர மற்றதெல்லாம் ஓடியது. பத்து வருஷக் களிமண் இறுகி, முக்கால்வாசி தூர்ந்து கிடந்தது. போன ஐப்பசி மழை போக வழி தெரியாமல் பட்டறைக்குள் ஏறி, நீலாவதி காயவைத்திருந்த நாலாயிரம் அகலையும் மறுபடி களிமண்ணாக்கிவிட்டுத்தான் மணிமுத்தாற்றுக்குப் போனது. ஆறு இரண்டு நாள் மோர் நிறத்தில் ஓடியது. இந்தக் கார்த்திகையும் கைவிட்டால் பட்டறையை மூடவேண்டியதுதான். இதில் சீல் வேறா?

"யாரு தம்பி சொன்னது?"

"ஓவர்சியரே சொன்னாருக்கா, நேத்து ஆபீசுல. நான் தெனம் போறவன். எங்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லுவாரு?"

திருமாலின் பட்டறை கீழச் சூளைத் தெருவில். இரண்டு தெருவுக்கும் பேச்சுவார்த்தை சுமார்தான். அப்படியிருந்தும் விடிந்ததும் விடியாததுமாக ஓடிவந்திருக்கிறானே என்று நீலாவதிக்கு மனசு இளகியது.

"உங்க தெருவுக்கும்தான வருவாரு?"

"எங்க தெருவ யாருக்கா தூக்கி நிறுத்தறது? உங்களயாவது காப்பாத்தலாம்னு வந்தேன்."

அரை மணி நேரத்தில் தெருவே மண்வெட்டியோடு கால்வாய்க்குள் இறங்கியது. நீலாவதியின் புருஷன் விருத்தகிரி மட்டும் கரையில் நின்று யோசித்தான்.

"அள்ளற சேத்த எங்க போடறது? கரையில குவிச்சா அவரு கண்ணுல படாதா?"

"என் டயர் வண்டி சும்மாத்தான நிக்குது மாமா," என்றான் திருமால். "நானே கொண்டுபோயிக் கொட்டிடறேன். கூலின்னு கேட்டா செருப்பால அடிங்க."

எதிர்ப் பட்டறைப் பூவாயி, ஓரமெல்லாம் ப்ளீச்சிங் பவுடர் தூவினால் லட்சணமாக இருக்கும் என்றாள்.

"அதுவும் வெள்ளதான்டி. நம்ம சேறு விட்டாலும் உன் பவுடரு பூட்டு போட்டுரும்," என்றாள் நீலாவதி.

பூவாயி சமாதானம் ஆகவில்லை. கோலமாவது போடுகிறேன் என்று கால்வாய்க் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முனிசிபாலிட்டி ஆட்கள் வருவார்கள், வந்து தூர் வாருவார்கள் என்று பத்து வருஷமாகக் காத்திருந்த வேலை ஐந்து மணி நேரத்தில் முடிந்தது. திருமாலின் வண்டி ஆறு நடை போயிற்று. அடிபம்புத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றியபோது, சிமெண்டுத் தரை தெரிந்தது. அப்படி ஒரு தரை இருப்பதையே தெரு மறந்திருந்தது. தேங்கிய தண்ணீரில் ஒரு துண்டு வானம்கூட விழுந்து கிடந்தது. நீலாவதி குடத்தை இடுப்பில் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பன்னிரண்டு மணிக்கு ஸ்கூட்டர் வந்தது. ஓவர்சியர் ஜம்புலிங்கம் குனிந்து பார்த்தார். விரலை விட்டு, எடுத்து, முகர்ந்தார்.

"எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தாங்க," என்றது தெரு.

"பட்டறைக் கழிவு?"

"நாங்க அச்சக் கழுவறதே இல்லீங்க," என்றான் விருத்தகிரி.

"மழ வந்தா தண்ணி உள்ள ஏறுமா?"

நீலாவதிக்கு நாலாயிரம் அகலும் ஒருமுறை கண்ணுக்குள் கரைந்தன. "ஒரு சொட்டு ஏறாதுங்க."

ஜம்புலிங்கம் எல்லாவற்றையும் எழுதி, விருத்தகிரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம். அப்ப இந்தத் தெருவ அடிச்சுடறேன்."

"எதுலேருந்துங்க?"

"புதுக் கால்வாய் லிஸ்டுலேருந்து. நடுவுல ரெண்டு தொட்டி வரும். களிமண்ணு அதுல அடங்கிட்டா ஆத்துக்கு வெறும் மழத்தண்ணிதான் போவும். ஒரே ஒரு தெருவுக்குத்தான் சாங்ஷன். இருக்கறதுலயே மோசமான தெருவுக்குக் குடுக்கச் சொல்லியிருக்காங்க. உங்க தெருவாத்தான் இருக்கும்னு நெனச்சு வந்தேன்."

நீலாவதி குடத்தைக் கீழே வைத்தாள். "சார், இது காலையில கழுவுனதுங்க. ரெண்டு வாரத்துல பழையபடி தூந்துடும். மழ வந்தா முதல்ல எங்க பட்டறைக்குள்ளதாங்க வரும்."

"இப்பத்தானம்மா ஒரு சொட்டு ஏறாதுன்னீங்க. கையெழுத்தும் போட்டாச்சு." அவருக்கே கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. "உங்கள யாரு கழுவச் சொன்னது? எதையும் தொடாம அப்படியே வெச்சிருங்கன்னு நேத்தே திருமால்கிட்ட சொல்லி அனுப்பினேனே?"

தெரு திரும்பிப் பார்த்தது. ஆறாவது நடை போன வண்டி இன்னும் திரும்பவில்லை.

"கீழத் தெருவுக்குத்தான் எழுதணும்," என்று ஜம்புலிங்கம் ஸ்கூட்டரை உதைத்தார். "வர்ற வழியில பாத்தேன், பாவம். கால்வாய் இருக்கற எடமே தெரியல. ஈரங்கூடக் காயாத வெள்ளச் சேறு, முழங்கால் ஒசரத்துக்குக் கெடக்குது."