மடிக்கிற வேலை

பனியன் கம்பெனியில் நூல் பிசிர் வெட்டி வெட்டி மாராத்தாளின் விரல் காய்த்துப்போயிருந்தது. புதிதாக வந்த ருக்மணிக்கோ உட்கார்ந்து மடிக்கிற வேலை. போதாததற்கு, மத்தியானமானால் புருஷனே சமைத்து எடுத்துக்கொண்டு வருவான். மாராத்தாளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"மகாராணிக்கு மட்டும் நோவாத வேலைங்களா?"

மேஸ்திரி காதில் விழாததுபோல் நகர்ந்துவிட்டார்.

அவ்வளவுதான், மாராத்தாள் தன் கத்தரிக்கோலை ருக்மணியின் மடியில் போட்டாள்.

"இன்னைக்கு நீ வெட்டு. நான் மடிக்கறேன்."

சோற்றோடு வந்த புருஷன் தூக்குப்போசியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கத்தரிக்கோலைப் பிடுங்கினான்.

"வேண்டாமுங்க அக்கா! கொழந்த போனதுலருந்து ரெண்டு தடவ சாகத் துணிஞ்சுட்டாளுங்க. ஊட்டுல அருவாமனையக்கூட ஒளிச்சு வெச்சுட்டு நானே சமைக்கறேனுங்க."