காதுக்குப் பின்னால்

ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்த ராஜ்மோகனை உட்காரவைத்து, புதிதாக வாங்கிய, முகத்துக்குப் போடும் டோனரைப் பஞ்சில் நனைத்து அவன் காதுக்குப் பின்னால் ஒற்றினாள் தேவயானி.

"மைன்ஸ் தூசியில தோல் எப்படிக் காஞ்சிருக்கு பாருங்க! எரியுதாங்க?"

கல்யாணமான புதிதில்கூடக் கிடைக்காத கவனிப்பு.

"சில்லுன்னு இருக்கு" என்றான்.

மறுநாள் அவன் வேலையிலிருக்கும்போதே போன் செய்தாள்.

"அரிப்பு கிரிப்பு ஏதாச்சும்?"

"சுகமா இருக்கு தேவி."

மாலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அவள் தங்கையிடம் போனில் பேசுவது கேட்டது.

"என் ஸ்கின்தான் சென்சிட்டிவாச்சே! அதான் முதல்ல அவருக்குப் போட்டுப் பார்த்தேன். ஒண்ணும் ஆகலையாம். இப்பதான் முகம் பூரா போட்டுக்கிட்டேன்."

ராஜ்மோகன் உள்ளே போனான். நேற்றிலிருந்து காதுக்குப் பின்னால் எரிகிற தடிப்புக்காக மெடிக்கலில் வாங்கிய களிம்பை அவள் கையில் கொடுத்தான்.